இதோ வந்துட்டேன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால், "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன், எழுதக் கை வரவில்லை.

எனக்கு போர்டு கடை. கடைகளுக்குப் பெயர்ப் பலகை, வீட்டுக்கு நம்பர் பலகை, 'நாய் ஜாக்கிரதை', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' எல்லாம் செய்து தருவேன். தகட்டை வெட்டுவதும் எழுத்தை ஒட்டுவதும் என் வேலை. கொண்டுபோய்க் குழி தோண்டி நடுவது என் மச்சான் வேலை. என் மனைவியின் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் இருக்கும்போது இன்னொரு குழந்தை எதற்கு என்று கேட்பாள். தினமும் காலையில் நாங்கள் வண்டியில் ஏறும்போது அவள் சொல்வது ஒன்றுதான்.

"இவன உங்ககிட்டத்தான் விட்டிருக்கேன். பத்திரமா கூட்டிட்டு வாங்க."

"இவன் என்ன கைக்குழந்தையா? கடோத்கஜன் மாதிரி இருக்கான்" என்பேன். அவன் பின்னால் உட்கார்ந்து சிரிப்பான்.

அவனிடம் இரண்டு பழக்கம். ஒன்று, கை சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டு, மேசை, ஹெல்மெட், எது கிடைத்தாலும் விரலால் தட்டுவான். எப்போதும் ஒரே தாளம்தான். டக்... டக்டக். டக்... டக்டக். தூக்கத்தில்கூடக் கட்டில் சட்டத்தைத் தட்டுவான். அவன் அக்கா அடுத்த அறையிலிருந்து, "தூங்குடா சனியனே" என்று கத்துவாள்.

இரண்டாவது பழக்கம், 'இதோ வந்துட்டேன்'. போன் செய்து "எங்கடா இருக்க?" என்று கேட்டால், "இதோ வந்துட்டேன் மாமா" என்பான். போர்வைக்குள்ளிருந்து பேசுகிறான் என்பது குரலிலேயே தெரியும். "திரும்பினா கடை மாமா" என்பான். அவன் திரும்பிக்கொண்டிருப்பது படுக்கையில். எங்கள் கடைத்தெருவில் அவன் பெயர் பலருக்குத் தெரியாது. 'இதோ' என்றால்தான் தெரியும். "என்ன, உங்க 'இதோ' இன்னிக்கு வந்துட்டானா?" என்று கேட்பார்கள்.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாம் எல்லோரும் சொல்கிற பொய்தான் இது. யாராவது கூப்பிட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போகப் போகிறோமா இல்லையா என்று யோசித்தா சொல்கிறோம்?

அந்தப் பூங்காவின் வேலை வந்தது குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூலமாக. நாலு தெரு சேரும் இடத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவில், கைக்குட்டை அளவுக்கு ஒரு பூங்கா. நாலு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், சுற்றி நடப்பதற்கு ஒரு பாதை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். விழா எடுக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் 'நமது பூங்காவின் வரலாறு' என்று பெரிய பலகை ஒன்று வைக்க வேண்டும். எழுத வேண்டியதையும் அவரே அனுப்பிவிட்டார். முதல் வரி இப்படி இருந்தது: 'இப்பூங்கா அமைவதற்கு முன் இவ்விடம் வெற்று நிலமாக இருந்தது.'

எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஊருக்கு நடுவுல வெறும் நிலமாமே! ஒரு கட்டில் போடற அளவு எடம் கெடச்சாலே ரெண்டு மாடி எழுப்பற ஊர் மாமா இது."

"உனக்கெதுக்கு? குடுத்தத ஒட்டு."

"ஒட்டறேன். நாளைக்கு யாராவது வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு. அதனால் முந்தின நாள் மதியமே போய் நட்டுவிட வேண்டும், கலவை இறுகுவதற்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். மூன்று மணிக்கு நான் பலகை, சிமெண்டு, மணல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. போன் செய்தேன். "இதோ வந்துட்டேன் மாமா." மறுபடி செய்தேன். "இதோ, திரும்பினா பார்க்." செயலாளர் வந்து பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பூங்காவில் இருந்தவர்களை எல்லாம் சீக்கிரமே அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டும் சாவியை என் கையில் கொடுத்தார்.

"வேலை முடிச்சதும் பூட்டிட்டு, சாவிய எங்க வீட்டுல குடுத்துடுங்க. குழந்தைங்க உள்ள வந்து கலவைய மிதிச்சிடும், கேட்டு மூடியே இருக்கட்டும்."

அவன் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வாழ்க்கைல ஒரே ஒரு தடவையாவது, வந்துட்டேன்னு சொன்ன எடத்துக்குப் போய்ச் சேருடா!"

"பாருங்க, என்னப் போய்ச் சேரச் சொல்றீங்க. இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் கோபத்தை அரை மணி நேரம் பிடித்து வைக்க முடியாது. இருவரும் உள்ளே போய் கேட்டைப் பூட்டினோம். சாவியை என் சட்டைப் பையில் போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டினோம், சாவி என் பையில்தான் இருந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தெருவிலிருந்து அந்தப் பூங்காவுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் தெரு மட்டத்தில் இருக்க, பூங்கா மட்டும் ஆளுயரத்துக்கு மேடாக இருந்தது. இன்னொன்று, மரங்கள். நாற்பது வருடப் பூங்காவில் ஒரு மரம்கூட என் தோளுக்கு மேல் இல்லை. எல்லாம் போன வருடம் நட்டது போலக் குச்சி குச்சியாக நின்றன. மண் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் கடப்பாரையை எடுத்து இடது பக்கக் குழியைத் தோண்டினான். ஒரு சாண் வரை மண். அதற்குக் கீழே மண்ணே இல்லை, எல்லாம் செங்கல்தான். உடைந்த தரை ஓடு வந்தது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்த் துண்டு ஒன்று வந்தது. அதில் காலண்டர் மாட்டும் ஆணி அப்படியே இருந்தது. பிறகு கறுப்பு நிறத்தில் ஒரு பழைய மின்விளக்கு சுவிட்சு. மச்சான் அதைத் துடைத்து, 'டிக்' என்று போட்டுப் பார்த்தான்.

"வெற்று நிலத்துல கரண்டு வசதியெல்லாம் இருந்திருக்கு மாமா."

"எங்கயோ இடிச்ச குப்பையக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருப்பாங்க. சீக்கிரம் தோண்டு, இருட்டுது."

அவன் வலது பக்கக் குழிக்குப் போனான். நாலைந்து குத்து குத்தியிருப்பான்.

'டங்ங்...'

இரும்பில் பட்ட சத்தம். கையால் மண்ணை விலக்கினான். செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்புக் குழாய். கை நுழையும் அளவு வாய். வாயில் ஏதோ துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். இழுத்தான், இழுக்க இழுக்க வந்தது. காக்கித் துணி, மக்கிப்போயிருந்தது. சட்டை போல இருந்தது. அதில் பித்தளைப் பொத்தான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

துணி வெளியே வந்ததும் குழாயிலிருந்து காற்று வந்தது. சில்லென்ற காற்று. அதில் ஒரு வாசனை. சாக்கடை வாசனை இல்லை. கட்டடத்தை இடிக்கும் தெருவில் நடந்தால் மூக்கில் ஏறுமே, சுண்ணாம்பும் புழுதியும் கலந்த வாசனை, அது. இன்றைக்கு இடித்தது போலப் புதிதாக இருந்தது.

மணி ஆறு இருபது.

மச்சான் குப்புறப் படுத்துக் குழாயில் காதை வைத்தான். அவன் முகம் மாறியது. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டான்.

"மாமா... உள்ள யாரோ தட்டறாங்க."

"சும்மா இருடா."

"சத்தியமா. வந்து கேளுங்க."

எரிச்சலோடுதான் குனிந்தேன். காதை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, ரொம்பக் கீழேயிருந்து...

டக்... டக்டக்.

டக்... டக்டக்.

"நீதானே தட்டற?" என்று நிமிர்ந்தேன். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். பத்து விரலும் மண்ணாக இருந்தன.

"என் தாளம் மாமா! காப்பியடிக்கறான் எவனோ!"

தண்ணீர்க் குழாயாக இருக்கும், எங்கோ மோட்டார் ஓடுகிறது, அந்த அதிர்வு என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவன் மறுபடி காதை வைத்துக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"பேசறாங்க மாமா. 'இருக்கீங்களா... இருக்கீங்களா'ன்னு கேக்கறாங்க."

"எழுந்திரு. வேலையைப் பாரு" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. விளையாட்டுப் புத்தி. குழாயில் வாயை வைத்து, போனில் எனக்குச் சொல்வானே, அதே குரலில் கத்தினான்.

"இதோ வந்துட்டேன்!"

தட்டும் சத்தம் நின்றது.

பாதியில் நின்றது. டக்... என்று ஒன்று மட்டும். அடுத்த இரண்டு வரவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையை நட்டுவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. குழாயைப் பிடுங்கப் பார்த்தோம், அசையவில்லை. அவன்தான் வழி சொன்னான். பலகையின் காலும் உள்ளே வெற்றிடமான இரும்புக் குழாய்தான். தூக்கி அதன்மேல் செருகினான். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"தோண்டற வேலை மிச்சம்!" என்றான், அவனுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு குழியிலும் கலவையைக் கொட்டினோம். அவன் பலகைக்குப் பின்னால் நின்று அதன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். நான் முன்னால் படி வரைக்கும் தள்ளி வந்து, கோணல் இருக்கிறதா என்று பார்த்தேன். பலகை பெரியது. இடுப்புக்கு மேல் அவனை முழுதாக மறைத்தது. அதற்குக் கீழே அவன் கால் இரண்டும் தெரிந்தன. முட்டிவரை சுருட்டிய பேண்டு, நீல ரப்பர் செருப்பு.

"கொஞ்சம் எடது பக்கம்."

"சரி மாமா."

"போதும். ரொம்பப் போயிட்டே. வலது."

"சரி மாமா."

பூங்கா விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஆறு முப்பத்தைந்து இருக்கும். கேட்டுக்குப் பக்கத்து விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம், சுவிட்சுச் சத்தம்.

நான் இடது குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கறுப்பு சுவிட்சு மண்மேல் கிடந்தது. யாரும் தொடவில்லை.

'டிக்.'

விளக்கு அணைந்தது.

"டேய், நேரா இருக்கு. விட்டுடு. வா, போலாம்."

அவன் வரவில்லை.

"டேய்!"

"இதோ வந்துட்டேன்..."

குரல் அவனுடையதுதான். ஆனால் பலகைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

பலகையின் காலுக்குள்ளேயிருந்து...

'டிக்.' விளக்கு எரிந்தது.

நீலச் செருப்பு இரண்டும் அதே இடத்தில் இருந்தன.

செருப்பு மட்டும்.

மேலே கால் இல்லை.

ஓடினேன். பலகையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சுற்றிலும் ஈரக் கலவை சிந்தியிருந்தது. அதில் அவன் வந்து நின்ற தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. செருப்பைத் தொட்டேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

கத்தினேன். பெஞ்சுக்கு அடியில், சறுக்குமரத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினேன். தோள் உயர மரத்துக்குப் பின்னால் யார் ஒளிய முடியும்? கேட்டை ஓடிப்போய்ப் பிடித்து உலுக்கினேன். பூட்டியபடி இருந்தது. சாவி என் பையில்.

போன் செய்தேன். மணி அடித்தது. என் காதிலும் அடித்தது. அந்த இரும்புக் காலுக்குள்ளும் அடித்தது.

எடுத்தான்.

"மாமா..."

"எங்கடா இருக்க!"

"இதோ வந்துட்டேன் மாமா... பக்கத்துலதான்..."

"எங்கடா?"

"தெரியல மாமா. இருட்டா இருக்கு. படி எங்க இருக்குன்னு தெரியல..."

"மேல வாடா!"

"மேல எது மாமா?"

அவ்வளவுதான். போன் அணைந்தது. அதற்குப் பிறகு அந்த எண் அடிக்கவே இல்லை.

நான் கையால் கலவையைத் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. செயலாளர் வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது. என் மனைவி வந்தாள். செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதைவிட அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

எனக்குப் பைத்தியம் என்றார்கள். குடித்திருக்கிறேனா என்று ஊதச் சொன்னார்கள். நானே அவனை ஏதோ செய்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். என் மனைவிதான் தீயணைப்பு நிலையத்தில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆட்களையும் இயந்திரத்தையும் வரவழைத்தாள். தோண்டினார்கள். பலகையையும் அது செருகியிருந்த பழைய குழாயையும் சேர்த்தே தூக்கினார்கள், இரண்டும் ஒட்டிப் போயிருந்தன. அந்தக் குழாய் ஒரு கை நீளம்தான் இருந்தது. அதன் அடிமுனை நசுங்கி, மூடியிருந்தது. காற்று வர வழியே இல்லை. குரல் வர வழியே இல்லை. அதற்குக் கீழே இடிபாடு. இடிபாட்டுக்கும் கீழே, விரிசல் விடாத ஒரு கான்கிரீட் தளம். அதையும் உடைத்துப் பார்த்தார்கள். யார் கையும் படாத செம்மண்.

"இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லம்மா" என்றார் அதிகாரி.

"தட்டற சத்தம் கேக்குதுங்க. நீங்களே கேளுங்க" என்று என் மனைவி உடையாமல் மிச்சமிருந்த தளத்தில் காதை வைத்தாள். அவர் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் கேட்டது. ஆனால் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மறுபடி வந்து பாக்கறோம்மா."

அவர்கள் வரவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டடம் ஆட்டம் காணும் என்று யாரோ எழுதிக் கொடுத்தார்களாம். குழியை மூடினார்கள். பலகையை அதே இடத்தில், அதே குழாயோடு நட்டுவிட்டார்கள். 'இவ்விடம் வெற்று நிலமாக இருந்தது' என்று அது இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. எழுத்து ஒட்டியவன் நான்தான்.

இது நடந்து சில மாதம் கழித்து ஒருவர் என் கடைக்கு வந்தார். வயதானவர், ஒல்லியான ஆள். போர்டு செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரவே ரொம்ப நேரம் யோசித்தார்.

"நீங்கதானே அந்த பார்க்ல... மச்சான் காணாம போனவரு?"

"ஆமா."

"நான் தீயணைப்புல இருந்தேன். ரிட்டயர் ஆயி ரொம்ப நாளாச்சு. அந்த எடத்துல வேலை பாத்திருக்கேன்."

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அங்கே ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு இருந்தது. ஒரு விடிகாலையில் அப்படியே இடிந்து உட்கார்ந்துவிட்டது. இரவும் பகலும் தோண்டி எல்லோரையும் எடுத்தார்கள், உயிரோடு சிலரை, உயிரில்லாமல் பலரை. வீட்டு வாரியாக எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. உள்ளே இருக்க வேண்டியவர்கள் ஒருவர்கூட பாக்கி இல்லை.

"ஆனா சத்தம் நிக்கல" என்றார்.

"என்ன சத்தம்?"

அவர் என் கடைக் கண்ணாடி மேசைமேல் விரலை வைத்தார். தட்டினார்.

டக்... டக்டக்.

நான் அவர் விரலையே பார்த்தேன்.

"இருபது அடிக்குக் குழாய் எறக்கினோம். காத்து போறதுக்கு, பேசறதுக்கு. நான்தான் பேசினேன். ஒரு வாலிபப் பையன் குரல், இருபத்தஞ்சு வயசு இருக்கும். 'எந்த வீடுப்பா நீ?'ன்னு கேட்டேன். 'நான் இங்க குடியிருக்கலீங்க, போர்டு நட வந்தேன்'னான். 'கூட யாரு?'ன்னேன். 'நான் மட்டும்தான். எங்க மாமா மேல நிக்கறாரு. அவரக் கூப்பிடுங்க'ன்னான்."

நான் ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"கூட்டத்துல கத்திக் கேட்டேன், இந்தப் பையனோட மாமா யாருன்னு. யாரும் வரல. 'மாமா இருக்கீங்களா... மாமா இருக்கீங்களா...' இதேதான். மேலதிகாரிங்க கணக்கு சரியாயிடுச்சு, இது வெறும் எதிரொலி, நிறுத்துன்னாங்க. இயந்திரம் போயிடுச்சு. மண்ணக் கொட்டி மேடாக்கச் சொல்லிட்டாங்க. என்னால அந்தக் குரலக் கேக்க முடியல தம்பி. சட்டையக் கழட்டி, குழாய் வாய அடைச்சேன்."

அவர் மேசைமேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"அடைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன். உங்க மாமா இதோ வந்துட்டாரு, வந்துட்டே இருக்காருன்னு."

அந்தக் கட்டடம் இடிந்த வருடம் எனக்கு இரண்டு வயது. வேறு ஊரில், என் அம்மா இடுப்பில் இருந்தேன்.

அவர் சொன்னதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் தினமும் சாயங்காலம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலது பக்க இரும்புக் காலில் காதை வைத்துக்கொள்கிறாள். நடக்க வருகிறவர்கள் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். நான் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பேன். அந்தப் படியில் ஏற எனக்குக் கால் வருவதில்லை.

நேற்றும் நின்றேன். ஆறரை மணி. டக்... டக்டக். படிக்குக் கீழே நின்ற எனக்கே கேட்டது. அவள் காதை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களத்தான் கேக்கறான்."

நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் அழறான்ங்க. 'மாமா இருக்கீங்களா'ன்னு கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

வரமாட்டேன் என்று சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இதோ வந்துட்டேன்னு சொல்லு."

அவள் குழாயில் வாயை வைத்துச் சொன்னாள்.

தட்டும் சத்தம் நின்றது.

பாதியில் நின்றது. டக்... என்று ஒன்று மட்டும்.